எம்சீல் அண்ணா

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம், நம்மவர்கள் நாலு குடும்பம் சேர்ந்திருக்கும் எந்த அபார்ட்மென்டுக்கும் போய்ப் பாருங்கள். எம்சீல் அண்ணா ஒருவர் இருப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஊரிலிருந்து யார் வந்தாலும், அவர்களுடைய 23 கிலோ பெட்டியில் பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே ஓட்டை அடைக்கும் எம்சீல் நாலு, ரெண்டு குக்கர் கேஸ்கட், ஒரு வெயிட் அண்ணாவுக்கென்று ஏறிவிடும். அதனால் வந்த பெயர் இது.

உத்தியோகம், மென்பொருளில் பழுது பார்ப்பது. அலுவலகத்தில் ஒரு வரியை மாற்ற மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்குவார். வீட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டால் எவரிடமும் கேட்பதில்லை.

அவருடைய முதல் எதிரி மின்சாரம். நம்மிடம் 230 வோல்ட், அங்கே 120. சீர்வரிசையில் வந்த இஸ்திரிப்பெட்டியைப் பிரிய மனமில்லாமல் கொண்டுபோய், பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினார். பாதி வோல்ட்டுக்குப் பாதிச் சூடாவது வரும் என்பது அவர் கணக்கு. மின்சாரத்தின் கணக்கு வேறு. வோல்ட் பாதியானால் சூடு கால்வாசிதான். ஆயிரம் வாட் பெட்டி சுமார் 270 வாட்டில் வந்து நின்றது. சுருக்கம் போகவில்லை. ஆனால் டிசம்பர் குளிரில் சட்டை வெதுவெதுவென்று இருந்ததால், அண்ணா அதைத் தோல்விக் கணக்கில் எழுதவில்லை.

அடுத்து கோயம்புத்தூர் கிரைண்டர். 110 வோல்ட் கிரைண்டர் அங்கத்திய இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது என்று மனைவி சொன்னார். அண்ணா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினார். அதைத் தூக்குவதற்குப் பேசாமல் ஆட்டுக்கல்லிலேயே அரைத்திருக்கலாம். வோல்ட் சரியாகிவிட்டது. ஆனால் நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. அதை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. மிக்சி மோட்டார் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. கிரைண்டரின் இண்டக்‌ஷன் மோட்டாரோ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓட ஆரம்பித்தது. ஊரில் நிதானமாக உருண்ட கல், குடியேறிய முதல் வாரமே அமெரிக்க அவசரத்தைப் பிடித்துக்கொண்டது.

அரைத்த மாவு பனிக்காலத்தில் புளிக்காதே! ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கை மட்டும் போட்டுவிடுவது அங்கே எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். அண்ணா ஒருமுறை உள்ளே மாவு இருப்பதை மறந்து பீட்சாவுக்காக ஓவனைச் சூடேற்றினார். டப்பாவும் மாவும் ஈருடல் ஓருயிராகிவிட்டன. இப்போது ஓவன் குமிழில் ஒரு சீட்டு தொங்குகிறது: ‘உள்ளே மாவு’.

குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் அதை ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைப்பார். காரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். மூக்குக்கண்ணாடியில் திருகாணி இருந்த இடத்தில் ஊக்கு. இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடலாம். புகை அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டியதை மட்டும் மன்னிப்பதற்கில்லை. அவர் தரப்பு நியாயம் இது: பல அபார்ட்மென்டுகளில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே அனுப்பாது. ஒரு வடிகட்டியில் நுழைத்து, திரும்ப நம் தலைமேலேயே ஊதிவிடும். கடுகு வெடித்து, மிளகாய் வற்றல் கறுத்தால் அலாரம் அலறும். வாஸ்தவம்தான். ஆனாலும் பாதிக் கட்டடம் மரச்சட்டத்தில் நிற்கிற ஊரில் அலாரத்தின் வாயைக் கட்டுவது சாமர்த்தியமாகாது.

கடைசியாகக் குளியலறைக்கு வருவோம். அமெரிக்கா எல்லாம் கொடுத்தது, சொம்பு கொடுக்கவில்லை. கைப்பிடியுள்ள ஒரு கேலன் பால் கேனைச் சாய்வாக வெட்டி மக் செய்துகொண்டார். நல்ல மக். அதோடு விட்டிருக்கலாம். ஊரிலிருந்து கைஷவர் ஒன்று வரவழைத்தார். ‘அரை அங்குலம்’ என்று இரண்டு நாட்டிலும் பெயர் ஒன்றுதான். அங்குலத்துக்கு மரைகளும் இரண்டிலும் பதினான்குதான். ஆனால் மரையின் கோணம் இங்கே 55 டிகிரி, அங்கே 60. ஆகவே திருகினால் ஏறும், ஏறியது போலவே இருக்கும், பிறகு சொட்டும். அண்ணா டெஃப்லான் டேப்பை இருபது சுற்று சுற்றினார். அதன்மேல் எம்சீல். சொட்டு, இடம் மட்டும் மாறியது. அடியில் இன்னொரு பால் கேன் வந்து உட்கார்ந்தது.

“என்னங்க, மெயின்டனன்ஸுக்கு ஒரு ரெக்வெஸ்ட் போடுங்களேன். வாடகையிலேயே அடக்கம்தானே?” என்றார் மனைவி.

“போடலாம்மா. ஆனா ஆளு உள்ள வந்தா மேல பார்ப்பான்.”

“மேல என்ன?”

“ஷவர் கேப்.”

“அதைக் கழட்டிட்டுக் கூப்பிடுங்க.”

“கழட்டினா டேப் தடம் தெரியும். அதை மறைக்கத்தான் அங்க காலண்டர மாட்டலாம்னு…”

“கூரையிலயா?”

அண்ணாவின் சங்கடம் இதுதான். கஞ்சத்தனம் என்று ஊர் நினைக்கிறது, அது பாதிதான் உண்மை. ஒவ்வொரு ஒட்டும் முந்தைய ஒட்டைக் காவல் காக்கிறது. ஒன்றை உரித்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

யாராவது கேலி செய்தால் அண்ணா நிலாவுக்குப் போய்விடுவார். 1972 டிசம்பரில் அப்போலோ 17-இல் போன ஜீன் செர்னனின் சுத்தியல் பட்டு, நிலாவண்டியின் மட்கார்டு உடைந்தது. டக்ட் டேப் ஒட்டினார். கழன்றுவிட்டது. மறுநாள் நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் இணைத்து, விண்கலத்தில் இருந்த கவ்விகளால் மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினார்கள். “அவங்களும் வெளியூர் போன எடத்துலதானே ஒட்டுப் போட்டாங்க? அதை வாஷிங்டன் மியூசியத்துல வச்சிருக்காங்க. என்னோடதுன்னா மட்டும் சிரிக்கிறீங்க” என்பார். பதில் சொல்ல முடியாத வாதம்.

வீடு காலி செய்யும்போது ஆணி அடித்த துளைகளைப் பற்பசையால் பூசுவார். நியூ ஜெர்சி சட்டப்படி முன்பணம் ஒன்றரை மாத வாடகைவரை வாங்கலாம். சின்னத் தொகையா அது? போன முறை வெள்ளைப் பேஸ்ட் பாதியில் தீர்ந்து, ஊரிலிருந்து வந்த சிவப்புப் பேஸ்ட்டால் மீதியை முடித்தார். சுவருக்கு அம்மை போட்டதுபோல் இருந்ததாம்.

இப்போது சொந்த வீடு வாங்கிவிட்டார். ஒளிக்க ஆளில்லை, எந்தப் பிளம்பரையும் கூப்பிடலாம். கைஷவரும் அடியில் பால் கேனும் கூடவே குடிபோயிருக்கின்றன. உங்களில் யாராவது அடுத்த மாதம் நியூவார்க் பக்கம் போவதாக இருந்தால், பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்குமா என்று கேட்கச் சொன்னார். ரெண்டே ரெண்டு வாஷர்தானாம், கனமே இருக்காதாம்.