டீக்கு ஆடுதல்: கேரம் பலகையில் பந்தயம் கூட்டும் உவகை பற்றிய ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மாலை ஏழு மணி. வடசென்னைத் தெரு ஒன்றின் மன்றத்தில் கயிற்றில் ஒரு பல்பு தொங்குகிறது. அதற்கு நேர் கீழே கேரம் போர்டு. நால்வர் ஆடுகிறார்கள், மற்றவர்கள் எப்படி ஆட வேண்டும் என்று சொல்கிறார்கள். பவுடர் தூவியாயிற்று. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று என்று பத்தொன்பது காய்களும் நடுவில் வட்டமாக உட்கார்ந்துவிட்டன. ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்தவர் அடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்: "சும்மாவா, டீக்கா?"

தமிழ் ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பாராத கேள்வி இது. பந்தயம் வைத்தால் ஆட்டத்தின் இன்பம் கூடுமா, குறையுமா? கூடுமெனில், எத்தனை டீ வரைக்கும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் மொழிந்தவை

முதலில் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் உவகைக்கு நான்கு நிலைக்களன்களை அவர் சொல்கிறார்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. கவனிக்க, செல்வம் வேறு, விளையாட்டு வேறு. இரண்டையும் தனித்தனியே எண்ணியவர், இரண்டையும் ஒரே பலகையில் வைத்தால் உவகை இரட்டிக்குமா என்பதைச் சொல்லாமல் விட்டார். உரையாசிரியர்களும் விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இக்கட்டுரை கால் நீட்டி உட்காருகிறது.

அடுத்து வள்ளுவர். சூதுக்கென்றே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். சூதில் வந்த வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்பது அவர் கட்சி. அதிகார வைப்பு முறையை நோக்குங்கால் இன்னொரு உண்மை புலப்படும். 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. எங்கள் மன்றத்திலும் சனிக்கிழமை இரவுகள் இதே வரிசையில்தான் நடந்து முடியும்.

தருமர் நாட்டை வைத்து ஆடினார், நளன் நாட்டை வைத்து ஆடினான். இருவரும் தோற்ற கதையைப் பாடாத புலவர் குறைவு. ஆனால் 'ஆட்டம் நல்லா இருந்துச்சா?' என்று அவ்விருவரையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆய்வுக்குரிய தரவு இவ்வாறு வீணாகப் போயிற்று.

மேனாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. பில்லியர்ட்ஸ் குடும்பத்தில் அமெரிக்காவில் செழித்த ஆட்டம் ஒன்றின் ஆங்கிலப் பெயருக்கே, எல்லோரும் போட்டுச் சேர்த்த பந்தயப் பணம் என்று பொருள். அப்பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் அச்சிட்டால் ஆசிரியர் குழுவுக்குச் சங்கடம் நேரும் என்பதால் இங்கே 'குழிமேசை' என்று கொள்வோம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்கள் இருந்தன. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பொழுது போக அங்கே மேசைகள் போட்டார்கள். கூடத்தின் பெயர் மேசைக்கும் ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற படை அதிகாரி, காசு வைத்து ஆடிய ஒரு மேசையாட்டத்தோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். ஸ்நூக்கர் பிறந்தது. அதன் விதிகளை வரைந்து சுவரில் மாட்டியதோ நம் ஊட்டி கிளப்பில். இதிலிருந்து பெறப்படும் முதல் துணிபு: காசு வைத்து ஆடத் தொடங்கினால், சீக்கிரமே யாராவது விதியை எழுதிச் சுவரில் மாட்ட வேண்டிவரும்.

3. ஆய்வு எல்லையும் கலைச்சொற்களும்

பரிசு இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகக் கேரம் வாகையர் ஆனார், 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னைப் பெண் காசிமாவுக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. இவை பரிசுகள். பரிசு மூன்றாமவர் பையிலிருந்து வரும். பந்தயமோ எதிரே உட்கார்ந்து பவுடர் துடைத்துக்கொண்டிருப்பவர் பையிலிருந்து வரும். அவர் நாளைக்கும் எதிரே உட்கார வேண்டியவர் என்பதுதான் சிக்கலின் வேர்.

ஆட்டம் மூவகைப்படும்.

சும்மா: பந்தயமற்ற ஆட்டம். சும்மா இருத்தலை ஞானிகள் பெறற்கரிய நிலை என்றார்கள். மன்றத்தில் சும்மா ஆடுதல் வேறு ஆள் கிடைக்காத நிலை.

டீக்கு: தோற்ற ஜோடி நால்வருக்கும் டீ வாங்குவது. வடை இதன் விரிவாக்கம்.

காசுக்கு: வென்றவர் ரூபாயை வாங்கிச் சட்டைப் பையில் வைப்பது. பையில் வைத்தல் என்னும் வினையை வாசகர் நினைவில் கொள்க. பின்னால் தேவைப்படும்.

4. களத்தில் கண்டவை

பங்கேற்று உற்றுநோக்கல் என்னும் முறை இங்கே கையாளப்பட்டது. அதாவது, இவ்வாய்வாளரும் ஆடினார். தோற்றார்.

சும்மா ஆட்டத்தில் விதிகள் உறங்குகின்றன. ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் மைனஸ் என்பது ஊரறிந்த சட்டம். "விடுப்பா, சும்மாதானே" என்ற ஒரே வாக்கியத்தில் அச்சட்டம் நீக்கம் பெறுகிறது. நடு ஆட்டத்தில் ஒருவர் போன் பேசுகிறார். எங்கோ குறி வைத்து எதுவோ விழுந்தால் "அதத்தான் பார்த்தேன்" என்கிறார். வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டதும் ஆட்டம் பாதியில் எழுந்து போகிறது. யார் முன்னிலை என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கே தெரியாது.

"டீக்கு" என்ற சொல் விழுந்த மறுகணம் உலகம் மாறுகிறது. போன் சட்டைப் பைக்குள் போகிறது. முதுகு நிமிர்கிறது. கன்னம் பலகையைத் தொடும் அளவுக்குத் தலை தாழ்கிறது, ஒரு கண் மூடுகிறது. ரெட்டைப் போட்டவர் ஃபாலோ போடாமல் விட்டால் சுற்றி நிற்பவர் அனைவரும் 'ச்சே' என்று ஒரே சுருதியில் சொல்கிறார்கள். ரெட்டை மீண்டும் நடுவில் வைக்கும் கை, கோயில் விளக்கைத் திருப்பி வைக்கும் கவனத்தோடு வைக்கிறது. ஒரு கிளாஸ் டீ ஒரு சட்டப் புத்தகத்தையே உயிர்ப்பித்துவிடுகிறது.

காசு ஆட்டத்தில் முதலில் மறைவது ஆலோசனை. யாராவது வாய் திறந்தால் "அண்ணே, நீங்க ஆடுறீங்களா?" என்று கேட்பார்கள். அது அழைப்பன்று. அடுத்து மறைவது அழகு. எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து காயைத் தட்டும் டபுள், தன் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்க்குக் கட்டைவிரலால் போடும் அடி, இவையெல்லாம் டீ ஆட்டத்தின் நகைகள். காசு ஆட்டத்தில் அவற்றைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தன் காயைப் போடுவதைவிட அடுத்தவன் காயை மறைப்பதே தொழிலாகிறது. மூன்றாவதாக வருவது வழக்கு. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டதா, ஒன்றை மட்டும் தொட்டதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கும் விசாரணைக்குப் பல்பு வெளிச்சம் போதுவதில்லை.

தகவலாளர் ஒருவர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், இதை ஒரே மூச்சில் சொன்னார்: "டீக்குத் தோத்தா சிரிச்சுட்டுப் போயிடுவேன் சார். ஐந்நூறு ரூபாய்க்குத் தோத்தா வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு கதை ரெடி பண்ணணும். கதை யோசிச்சுக்கிட்டே ஆடினா காய் எங்க விழும்?"

5. மெய்ப்பாடுகள் எட்டும் அவை விளங்கும் இடமும்

நகை: எள்ளலில் பிறப்பது. மற்றவர் ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழும்போது காண்க.

அழுகை: தொல்காப்பியர் இதற்குச் சொல்லும் காரணங்களில் இழவும் வறுமையும் உண்டு. காசு ஆட்டத்தில் இரண்டும் ஒரே இரவில் நிகழும்.

இளிவரல்: தன் கடைசிக் காயை அடிக்கப் போய் எதிராளியின் கடைசிக் காயைப் போட்டுக் கொடுத்தவர் முகம்.

மருட்கை: பள்ளிச் சீருடையில் வந்த சிறுமி முதல் கையிலேயே போர்டை முடித்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போனபோது மன்றத்தைப் பிடித்தது.

அச்சம்: கள்வரால் வருவது. இங்கே கள்வர் என்பது கணக்கு வைப்பவரைக் குறிக்கும்.

வெகுளி: கோட்டு வழக்கு.

பெருமிதம்: இதன் நான்கு காரணங்களில் ஒன்று கொடை. இதை விரித்துரைக்க வேண்டும். டீக்குத் தோற்றவர் கடையில் நின்று, "அண்ணே, நாலு டீ. ஒண்ணு சர்க்கரை கம்மி, ஒண்ணு ஸ்ட்ராங்கு" என்று சொல்லும் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? தோற்றவன் குரலா அது? முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, தேரோட்டியைக் கூப்பிட்டது இந்தக் குரலில்தான் இருக்கும்.

உவகை: எட்டாவதும் இவ்வாய்வின் மையமும். அடுத்த பகுதியில் காண்க.

6. மேனாட்டார் தடையும் நம் விடையும்

அமெரிக்க உளவியலர் எட்வர்ட் டெசி 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கனசதுரத் துண்டுகளைப் பொருத்தும் புதிரை மாணவர்களுக்குக் கொடுத்தார். சிலருக்கு முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்தார். பிறகு பணத்தை நிறுத்தினார். பணம் வாங்கிப் பழகியவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. விளையாட்டு கூலி வேலையாகிவிட்டது. இதன்படி டீயும் ஆட்டத்தைக் கெடுக்க வேண்டும்.

இன்னொரு தடை. இழப்பின் வலி, அதே அளவு ஆதாயத்தின் இன்பத்தைவிட ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு என்று 1992இல் உளவியலர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் மதிப்பிட்டார்கள். டீ பன்னிரண்டு ரூபாய் என்று கொண்டால், வென்றவருக்குப் பன்னிரண்டு ரூபாய் இன்பம், தோற்றவருக்கு இருபத்தேழு ரூபாய் வலி. ஓர் ஆட்டத்துக்கு, ஆளுக்கு ஆள் கழித்தால், பதினைந்து ரூபாய் மகிழ்ச்சி உலகத்திலிருந்தே காணாமல் போகிறது. மாலை முழுக்க ஆடினால் அந்தத் தெருவில் மகிழ்ச்சியே மிஞ்சக் கூடாது. ஆனால் மிஞ்சுகிறது. சத்தம் மூன்றாவது தெருவரை கேட்கிறது. ஆக, கணக்கில் ஏதோ விட்டுப்போயிற்று.

விட்டுப்போனது இதுதான்: தோற்றவரும் டீ குடிக்கிறார்.

தொல்காப்பியரிடம் திரும்புவோம். விளையாட்டு உவகையின் ஒரு நிலைக்களன். புலன் என்பதற்கு உரையாசிரியர்கள் அறிவு என்று பொருள் கொள்வர். இவ்வாய்வாளர், கையில் கிளாசோடு, நாக்கு என்று கொள்கிறார். புணர்வு என்பதைக் கூடியிருத்தல் என்று கொள்வோம். (உரையாசிரியர்கள் வேறு பொருள் சொல்வார்கள். இது மன்றம், அது இங்கே வேண்டாம்.) ஆக டீ ஆட்டத்தில் நான்கில் மூன்று நிலைக்களன்கள் சேர்கின்றன. அந்த மூன்றும் வென்றவர், தோற்றவர், சில சமயம் ஆலோசனை சொன்னவர் என எல்லோருக்கும் கிடைக்கின்றன. காசு ஆட்டத்தில் எஞ்சுவது செல்வம் ஒன்றே. அதுவும் ஒருவருக்கே. விளையாட்டு எப்போதோ எழுந்து போய்விட்டது.

டெசியின் தடையும் இதனால் நீங்கும். ஏழரை மணிக்கு எப்படியும் எல்லோரும் டீ குடித்திருப்பார்கள். ஆகவே டீ கூலி ஆகாது. யார் பையைத் திறப்பது என்பதை மட்டுமே ஆட்டம் முடிவு செய்கிறது.

7. சட்ட நோக்கு

இப்பகுதி சுருக்கமாக அமையும், ஏனெனில் இதைப் படித்த வழக்கறிஞர் நண்பர் சுருக்கச் சொன்னார். 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், வெறும் திறனால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைக்கே திறன் உண்டெனில் கேரத்துக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வாய்வாளர் ஆடுவதைப் பார்த்த எந்த நீதிபதியும் அந்த விலக்கை அவருக்கு நீட்டிக்க மாட்டார்.

8. முடிவுகள்

ஒன்று: பந்தயம் ஆட்டத்தின் இன்பத்தைக் கூட்டும். ஏனெனில் அது விதிகளை எழுப்பி உட்கார வைக்கிறது. விதி உறங்கும் ஆட்டத்தில் வென்றாலும் வென்றதாகாது.

இரண்டு: கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. தோற்றவர் வீட்டுக்குப் போகும் வழியில் கதை யோசிக்க வேண்டிய தொகை எதுவோ, அதற்குக் கீழேயே அந்த எல்லை.

மூன்று: பந்தயப் பொருள் வயிற்றுக்குள் போக வேண்டும். சட்டைப் பைக்குள் போகக் கூடாது. ஆறுவதற்குள் குடித்துத் தீர்க்க முடியாத எதையும் பலகையில் வைக்காதீர்கள்.

ஆகவே வாசகர்களே, 'சும்மாவா, டீக்கா?' என்று யாராவது கேட்டால் தயங்காமல் டீக்கு என்று சொல்லுங்கள். தோற்றால் நான்காகச் சொல்லுங்கள். மூன்றாகச் சொல்லிவிட்டு 'எனக்கு வேணாம்' என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அந்த நான்காவது டீயில்தான் முழு ஆய்வும் இருக்கிறது.