சத்தியம் சர்க்கரைப் பொங்கல்

கடவுளிடம் செய்த சத்தியத்தைக் கடவுள் முன்னாலேயே ரத்து செய்ய யூதர்களிடம் ஒரு பாட்டு இருக்கிறது. பெயர் 'கோல் நித்ரே'. யோம் கிப்பூர் நோன்பு தொடங்கும் அந்தியில், தோரா வேதச் சுருள்களைச் சுமந்தபடி பெரியவர்கள் கோர்ட் பெஞ்ச் மாதிரி நிற்க, பாடகர் அதை மூன்று முறை பாடுவார். மொழி அரமேயம். விஷயம் இதுதான்: அவசரப்பட்டு உன்னிடம் நேர்ந்துகொண்டதெல்லாம் செல்லாது சாமி!

கடவுளிடம் மட்டும்தான் இந்தச் சலுகை. மனிதனுக்கு மனிதன் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும் என்று ரபிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும்.

கல்லையும் கரைக்கும் அந்த ராகம் 1968இல் ராக் குழு ஒன்றின் கையில் சிக்கியது.

லாஸ் ஏஞ்சல்ஸின் 'எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ்'. ஊதாவாக இருக்கும், ரீங்காரமிடும், அது என்ன? மின்சாரம் பாய்ந்த உலர் ப்ளம் பழம்! இந்தக் கடி ஜோக்கிலிருந்துதான் பெயரே வந்தது. 1966இல் வெளியிட்ட ஒரு பாட்டு ஹிட்டானது. பிறகு டேவிட் ஆக்சல்ராட் என்ற இசையமைப்பாளர் வந்து, கத்தோலிக்கப் பூசையை லத்தீனிலேயே ராக் ஆக்கி, 'மாஸ் இன் எஃப் மைனர்' என்று பையன்கள் முன் நீட்டினார். நொட்டேஷனைப் பார்த்ததும் கண்ணைக் கட்டிவிட்டது. வெளியாள்களை வைத்து ஒப்பேற்றினார்கள். குழு கலைந்தது.

பெயர் கலையவில்லை. அது தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கரிடம் பத்திரமாக இருந்தது. அதே 1968இல் அந்தப் பெயரில் 'ரிலீஸ் ஆஃப் அன் ஓத்' என்ற ஆல்பம் வந்தது. ஏழு பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. முதல் பாட்டே 'கோல் நித்ரே'! வயலின்கள் விசும்ப, கிட்டார் கரகரக்க, கேட்டால் சிலிர்க்கும். வாசித்தவர்கள் கேரல் கே, எர்ல் பாமர் ரகத்து ஸ்டுடியோ வித்வான்கள். கால்ஷீட்டுக்கு வந்து, வாசித்துவிட்டு, வீட்டுக்குப் போகிறவர்கள். பழைய ப்ரூன் ஒன்றுகூடத் தட்டில் இல்லை.

ரபிகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். உறுதிமொழிகளையெல்லாம் விடுவிக்கும் பாட்டைப் பாடியும் பெயருக்கு விடுதலை கிடைக்கவில்லை. அது மனிதனுக்கு மனிதன் போட்ட கையெழுத்தாயிற்றே! 1969இல் வேறு ஆட்களோடு அடுத்த ஆல்பம் வந்தது. உறையில், சோப்புத் தூள் பாக்கெட் பாணியில், 'புதிய, மேம்படுத்தப்பட்ட எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ்'.