வழுக்கையாற்றங்கரைக்கு வருகை தாரீர்!

"யாழ்ப்பாணத்தில் ஆறா?" என்று சிரிக்கிறவர்களை முதலில் கந்தரோடைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். ஆறு உண்டு ஐயா. பெயர் வழுக்கையாறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைவெள்ளத்தை வாரிக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய், சங்கானை, நவாலி அயலால் நெளிந்து அராலியில் கடலோடு சேர்கிறது. மாரியில் ஆறு, கோடையில் மாடு மேய்கிற தரவை. குடாநாட்டுக்கு வாய்த்தது இந்த ஒன்றேதான். ஒற்றைப் பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பவர்கள் உண்டு. நாங்கள் குப்பை ஊட்டிக் கெடுத்தோம்.

ஆனால் ஆற்றைப் பார்க்கவா யாரும் வருகிறார்கள்? கந்தரோடையின் உச்சாப்பனைக்கு வருகிறார்கள். பனைகளுக்கு நடுவே கவிழ்த்துவைத்த சட்டிகள் போலச் சின்னச் சின்னக் கல் தூபிகள். 2009இல் யுத்தம் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பெயர்ப்பலகை இதைக் 'கதுருகொட' என்கிறது. எங்கள் பழங்கதை 'கதிரமலை' என்கிறது. தபாற்காரருக்கு மட்டும் இது கந்தரோடை. ஊருக்கு மூன்று பெயர்; குடிக்கத் தண்ணீர் கேட்டால் மட்டும் எந்தப் பெயரிலும் பதில் வராது.

1917இல் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் இங்கே ஆராய்ந்து எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் வந்து தோண்டினார்கள். தூபிகளுக்கும் முந்தி, பெருங்கற்கால மக்கள் கறுப்பு-சிவப்பு மட்பாண்டத்தில் ஆக்கித் தின்று வாழ்ந்த தடயம் கிடைத்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குடியேறிய சனம். பிறகு அவர்களிடையே பௌத்தமும் வந்தது, கடல் கடந்து வணிகமும் வந்தது. இது அவ்வளவு பெரிய புதிரா? புதிர்தான், ஏனென்றால் இரண்டு தரப்புக்கும் விடை கசக்கிறது. பஸ்ஸில் வருகிறவருக்குத் தூபி என்றால் அதைக் கட்டியவன் சிங்களவனாகவே இருந்தாக வேண்டும். எங்களவருக்கோ, மணிமேகலையைப் பரீட்சைக்குப் படித்துப் புள்ளி வாங்கினாலும், தூபியைக் கண்டதும் "அது அவையளின்ர" என்று சைக்கிளைத் திருப்பத் தெரியும். ஒருவன் களவாக உரிமை கொண்டாட, மற்றவன் வீட்டுப் பத்திரத்தைத் தானே கிழித்து அடுப்பில் போடுகிறான்.

சரி, பஸ் திரும்பட்டும். நாங்கள் மதகடிக்குப் போவோம். கனடாவிலிருந்து வந்த தம்பி ஒருவர் மதகில் நின்று கேட்டார்: "அண்ணை, ஆறு எங்க?"

"கீழ பாரும்."

பார்த்தார். சோடாப் போத்தல், பொலித்தீன் பை, பிள்ளையின் பம்பர்ஸ், கோழிக்கடைக் கழிவு. இவற்றை அநுராதபுரத்திலிருந்து எவரும் பஸ்ஸேற்றிக் கொண்டுவரவில்லை. அத்தனையும் எங்கள் சொந்தச் சாமான், மரபுரிமை. நாளைக்கு யாராவது இங்கே தோண்டினால் கறுப்பு-சிவப்பு மட்பாண்டப் படைக்கு மேலே ஒரு பொலித்தீன் படை கிடைக்கும். 'பம்பர்ஸ் பண்பாடு' என்று பெயர் வைக்கட்டும். அப்போதாவது அது எங்களுடையதா அவர்களுடையதா என்ற சண்டை வராது.

பக்கத்திலேயே சுன்னாகம். அங்கே கிணற்று வாளியில் எண்ணெய் மிதந்த காட்சியையும் பயணிகளுக்குக் காட்டியிருக்கலாம். மின் நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் இறங்கியது. சுண்ணாம்புக் கல் நிலம் சல்லடை மாதிரி; ஓரிடத்தில் ஊற்றினால் ஊர் முழுக்கக் குடிக்கும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. எத்தனை கிணறு, எத்தனை வீடு என்று பிரித்துப் பாருங்கள். அந்தக் காசுக்குச் சில வீடுகளில் போத்தல் தண்ணீர்கூட நெடுநாள் வராது. கல்லுக்குக் காவல் போடத் தெரிந்த அரசாங்கத்துக்குக் கிணற்றுக்குக் காவல் போடத் தெரியவில்லை.

ஆற்றோடு இறங்கினால் நவாலி. ஆடிக்கூழைப் பாடிய சோமசுந்தரப் புலவரின் ஊர். 1995 ஜூலை 9ஆம் திகதி இங்கே சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மீது விமானப்படை குண்டு போட்டது. செத்தவர்கள் நூற்றுக்கு மேல். 'தேவாலயங்களில், கோயில்களில் கூடுங்கள்' என்று சொல்லியிருந்ததும் அரசாங்கந்தான். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய சாம்பலைத் தேடி இவ்வளவு தூரம் பஸ்ஸோட்டி வருகிறவர்களுக்கு, முப்பது வருஷத்துச் சாம்பலைப் பார்க்க மட்டும் நேரம் போதாது. கீரிமலை இருக்கிறது, காங்கேசன்துறையில் இராணுவம் நடத்துகிற உல்லாச விடுதி இருக்கிறது. அங்கே பகல் சாப்பாடு. துரத்திவிட்ட சனத்தின் கடற்கரையில் கருவாடும் குளிர்பானமும்.

கடைசித் தரிப்பிடம் கல்லுண்டாய் வெளி. ஆறு கடலைத் தொடப்போகிற இந்த வெளியில், யாழ்ப்பாண மாநகரசபையின் குப்பை மேடு. அடிக்கடி பற்றியெரியும். அயலில் குடியிருக்கிற சனம் இருமிக்கொண்டு மறியல் செய்யும், மனுக் கொடுக்கும், பிறகு அடுத்த தீ வரும். எந்தக் கட்சிக்காரரும் இங்கே வந்து 'இது எங்கள் பூர்வீகம்' என்று கொடி நட்டதில்லை. எந்தத் திணைக்களமும் எல்லைக்கல் போட்டதில்லை.

கனடாத் தம்பி வானின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் வந்தார். ஆனாலும் பின்னேரம் ஐந்தரைக்கு ஒருக்கால் இறங்கி போனை நீட்டினார். அந்தப் புகைக்குள்ளால் பார்த்தால் சூரியன் செக்கச் சிவந்து இறங்கும். படம் நல்லாய் விழும்.