மத்தர்ஹோர்ன் ஏற வந்த மருமோனுக்கு

வாரும் மருமோன், அந்தக் கதிரையில இரும். லண்டனில இருந்து வெளிக்கிடேக்கயே மலை ஏறுற கம்பு ரெண்டு சோடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீராம், அக்கா போனில சொன்னவ. நல்ல விசயம். கம்பு வாங்கினால் அரைவாசி மலை ஏறினது மாதிரித்தான். மிச்ச அரைவாசியைப் பற்றித்தான் இப்ப கதைக்கவேணும்.

மத்தர்ஹோர்ன் படத்தைக் காட்டினீர். வடிவான மலை, 4,478 மீற்றர். டொப்லரோன் சொக்கிலேற் பெட்டியில இருந்தே 2023ல அதைக் கழட்டிப்போட்டாங்கள், நீர்தான் இன்னும் கழட்டேல்லை. 1865ல முதல்முதல் ஏழுபேர் உச்சிக்கு ஏறினவை. இறங்கேக்க நாலுபேர் விழுந்து செத்துப்போச்சினம். உம்மட வீட்டிலயும் நாலுபேர்தானே? சும்மா கேட்டனான்.

ஆற்றை காலால மலை ஏறப்போறீர் எண்டு யோசிச்சுப் பாத்தீரோ? உம்மட காலால இல்லை. ஐஞ்சு வயசுச் சின்னவளின்ர காலால. அவள் நேற்று எங்கட வீட்டு ரெண்டாம் மாடி ஏறுறதுக்குள்ள மூண்டுதரம் "அப்பா தூக்கு" எண்டவள். அவளின்ர கால் எந்த மலையைச் சொல்லுதோ அதுதான் உம்மட மலை.

நான் சொல்லுறது ரிகி. உந்த யன்னலுக்கால எட்டிப் பாத்தால் தெரியும். 1,798 மீற்றர். சிரியாதேயும். பனி மூடின அல்ப்ஸ் வரிசை முழுக்க அதில நிண்டு பாக்கலாம். ஐரோப்பாவில மலைக்கு முதல்முதல் ரெயின் விட்டதே அங்கதான், 1871ல. ரிக்கன்பாஹ் எண்ட எஞ்சினியர் தண்டவாளத்துக்கு நடுவில பல்லு வைச்சு, எஞ்சினைக் கடிச்சுக்கடிச்சு ஏறப்பண்ணினவர்.

திட்டம் இதுதான். லூசேர்னில கப்பல் எடுத்து வெக்கிஸில இறங்கும். அங்கயிருந்து கம்பியில தொங்கிப் போற காபினில கால்ற்பாட். அது 1,453 மீற்றர். மிச்சம் 345 மீற்றர் ஏற்றத்தை மட்டும் நடவும். வழியில ஸ்ரபல்ஹோஹ, ஸ்ரபல் எண்டு ரெண்டு ஸ்ரேசன் இருக்குது. சின்னவள் நிலத்தில குந்தினாள் எண்டால், அடுத்த ஸ்ரேசனில ரெயினில ஏத்திப்போட்டு, "உனக்காகத்தான் ஏறினனாங்கள்" எண்டு சொல்லும். உமக்கும் மூச்சு வாங்கினதை ஆரும் கேக்கமாட்டினம்.

நடைபாதையில நிக்கிற மஞ்சள் பலகையில தூரம் போடமாட்டாங்கள், நேரந்தான் போடுவாங்கள். அது நிக்காமல் நடக்கிற சுவிஸ்காரன்ர நேரம், இளைப்பாறுறது அதில இல்லை. சின்னவளுக்கு ஒவ்வொரு மாட்டுமணியும் ஒரு ஸ்ரேசன். போட்டிருக்கிறதை ரெண்டால பெருக்கும். வெறும் மஞ்சள் அடையாளம் எண்டால் ஆரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப் பாதை, நல்ல சப்பாத்து வேணும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் போட்டோ எடுத்துப்போட்டுத் திரும்பும். லண்டனில ஆரும் கேட்டால் ஏறினனான் எண்டு சொல்லும், நான் மறுக்கமாட்டன்.

மாடு. இதைக் கவனமாக் கேளும். ஊரில எட்டு மாடு கட்டின வீடு எங்கடை, மாடு எனக்குத் தெரியாததோ எண்டுதான் நானும் நினைச்சனான். வந்த புதிசில மேல புல்வெளியில ஒரு கண்டுக்குட்டியைக் கண்டு, நெத்தியைத் தடவுவம் எண்டு கையை நீட்டினன். தாய் எங்க நிண்டதெண்டு தெரியாது, தலையைக் குனிஞ்சுகொண்டு வந்திது. ஓடிப்போய் வேலிக் கம்பியைப் பிடிச்சன். கம்பியில கரண்ட். நான் ஆடின ஆட்டத்தைப் பாத்து மாடே நிண்டிட்டுது. கண்டோட நிக்கிற மாட்டை விலத்தி நடவும், பிள்ளையளைக் கிட்டப் போக விடாதேயும்.

விடியக்காத்தால எழும்புறதில உமக்கு நம்பிக்கை இல்லை எண்டு தெரியும். ஆனால் கோடையில பின்னேரம் இடி முழக்கம் வந்தால் உச்சியில ஒளிக்க இடமில்லை. மத்தியானத்துக்குள்ள ஏறி முடிச்சுப்போடும். மார்க் ட்வைன் எண்ட அமெரிக்க எழுத்தாளர் 1878ல இஞ்ச வந்து வெக்கிஸில இருந்து இதே மலைக்கு நடந்தவர். கையேட்டில மூண்டேகால் மணித்தியாலம், தனக்கு மூண்டு நாள் எடுத்தது எண்டு பகிடியா எழுதியிருக்கிறார். மேல போய், உதயம் பாக்க அலறியடிச்சு எழும்பி ஓடினால், அங்க சூரியன் இறங்குதாம். பகல் முழுக்க நித்திரை கொண்டிட்டார். எங்கட ஆக்கள் மாதிரித்தான், நல்ல மனுசன்.

கீழ 28 பாகை எண்டால் மேல எட்டொன்பது குறையும். காத்தும் அடிச்சால் சின்னவளுக்கு நடுக்கம் வரும். ஆளுக்கொரு சுவெற்றர், ஒரு மழைக்கோட். லண்டனில மழைக்கோட் இல்லாமல் இருக்கிறீர் எண்டு சொல்லாதேயும். வெளிக்கிடமுதல் உச்சியில இருக்கிற வெப் கமராவை போனில பாரும். புகார் மூடிக்கிடந்தால் ரிக்கெற் காசு மிச்சம்.

ஏதும் நடந்தால் றேகா எண்ட மீட்பு ஹெலிகொப்ரர், நம்பர் 1414. ஒரு நிமிசத்துக்கு ஆறுதரம் விசில் அடிச்சால் ஆபத்து எண்டு அர்த்தம். இதைச் சின்னவளுக்குச் சொல்லிப்போடாதேயும்.

சாப்பாட்டுக்கு மாமி ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டித்தருவா. உச்சியில ஹோட்டல் இருக்குது, இல்லை எண்டு சொல்லேல்லை. அந்தத் தேத்தண்ணி விலையைப் பாத்தால் ஏற்றத்தில வராத மூச்சு அங்க வாங்கும்.

கம்பு என்ன செய்யிறது எண்டு கேக்கிறீர். ஒரு சோடியை இஞ்ச தாரும். ஐஞ்சு வயசுக் கால் எண்டு சொன்னன், எழுபத்தொரு வயசுக் கால் ஒண்டும் இந்த வீட்டில கிடக்குது. வியாழக்கிழமை நல்ல வெய்யில் எண்டு சொல்லுறாங்கள். எனக்கும் ஒரு ரிக்கெற் எடும். ஹால்ப்டாக்ஸ் காட் வைச்சிருக்கிறன், பாதி விலைதான்.