தலை மட்டும் போதும்

1890 ஜனவரியில் லண்டனில் பீட்ரிஸ் பாட்டர் என்ற பெண்மணிக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய வரலாறு வேண்டியிருந்தது. காதல் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடையை இரண்டு வருடம் முன்பே இழுத்துப் பூட்டியாயிற்று.

பூட்டியதற்குக் காரணம் ஜோசப் சேம்பர்லேன். பெரிய அரசியல் தலை, இரண்டு முறை மனைவியை இழந்தவர், ஆள் பார்க்க எடுப்பாக இருப்பார். அவர் மேல் பீட்ரிஸ் வருடக்கணக்கில் உருகினார். சேம்பர்லேனுக்கோ தான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மனைவி தேவை. பீட்ரிஸுக்குத் தலையை ஆட்டத் தெரியாது, உபயோகிக்கத்தான் தெரியும். 1888-இல் அவர் ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் டைரியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்பா ரிச்சர்ட் பாட்டர் ரயில்வே முதலாளி. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராகவே இருந்தவர். ஒன்பது பெண்கள், பீட்ரிஸ் எட்டாவது. மற்றவர்களுக்கெல்லாம் வக்கீல், வங்கியாளர், கப்பல் முதலாளி என்று வரன் அமைந்துகொண்டிருக்க, இவர் கிழிந்த பாவாடையைப் போட்டுக்கொண்டு கிழக்கு லண்டன் தையற்கூடங்களுக்குக் கால்சட்டை தைக்கும் கூலிப்பெண் வேஷத்தில் போய் உட்கார்ந்தார். உறவினர் சார்லஸ் பூத் எடுத்துவந்த லண்டன் வறுமைக் கணக்குக்குத் தகவல் திரட்டத்தான். தையல் சுமார்தானாம். கட்டுரை பிரமாதம் என்று ஊரே பேசியது.

அதே ஊரில் அதே தொழிலில் இன்னொருவர் இருந்தார். சிட்னி வெப். லெஸ்டர் சதுக்கத்துக்குப் பக்கத்தில், அம்மா நடத்திய சிகையலங்காரக் கடைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. பரீட்சை எழுதி எழுதியே காலனி இலாகாவில் குமாஸ்தா ஆனவர். ஏழைகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்பதுதான் இருவருக்கும் ஆராய்ச்சி. பீட்ரிஸ் தெருவில் இறங்கிக் கண்டுபிடிப்பார், சிட்னி நாற்காலியை விட்டு எழாமலே அரசாங்க அறிக்கைகளிலிருந்து கண்டுபிடிப்பார். பூத்தின் முதல் தொகுதி வந்தபோது 'தி ஸ்டார்' பத்திரிகையில் சிட்னி மதிப்புரை எழுதினார்: எழுதியவர்களில் எழுத்து வாய்த்தவர் மிஸ் பாட்டர் ஒருவர்தான் என்று. மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ! சிட்னி இருந்த சோஷலிசக் குழுவான ஃபேபியன் சங்கத்தாரின் கட்டுரைத் தொகுப்பு வந்தபோது பீட்ரிஸும் பதிலுக்கு, இதில் விஷயம் உள்ளவர் சிட்னி வெப்தான் என்றார். இரண்டு பேரும் முகம் பார்க்காமலே இப்படி ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம்.

பார்த்துவிட்டார்கள்.

நாவலாசிரியையான மார்கரெட் ஹார்க்னஸ், பீட்ரிஸுக்கு உறவு. கூட்டுறவு பற்றிக் கேட்க ஆள் வேண்டுமென்றால் சிட்னி இருக்கிறார் என்று அவர்தான் அறிமுகம் செய்துவைத்தார். சிட்னி அங்கேயே ஒரு தாளை எடுத்து, எந்தெந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்று மளமளவென்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். சிட்னிக்குத் தெரிந்த ஒரே காதல் கடிதம் அதுதான். அன்றே விழுந்துவிட்டார். பீட்ரிஸ் பட்டியலைப் பத்திரப்படுத்தினார்.

பிப்ரவரியில் சாப்பிடக் கூப்பிட்டார். அன்றிரவு டைரியில் விருந்தாளியை அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறார். தலை பெரிசு, உடம்பு துளியூண்டு. கறுப்புக் கோட்டு பளபளக்கிறது, தேய்ந்து தேய்ந்து வந்த பளபளப்பு. உச்சரிப்பு லண்டன் தெரு உச்சரிப்பு. அழுக்கான இடுப்புச் சட்டையில் இரண்டு கட்டைவிரலையும் சண்டைக்காரன் மாதிரி செருகிக்கொண்டு, சும்மா நிற்கும்போதுகூட வீறாப்பாக நடப்பதுபோலவே நிற்கிறாராம். ஆனாலும் ஆளைப் பிடித்திருக்கிறது என்று ஒரு வால். ஏப்ரலில் அந்த வாலும் அறுந்தது. தலைப்பிரட்டை உடம்பு, ஆரோக்கியமில்லாத தோல், நாகரிகக் குறைவு, காசில்லை என்று குற்றப்பத்திரிகை நீண்டுவிட்டது. நம் ஊரில் பெண் பார்க்க வரும் மாமியார்கள் கொஞ்சம் கருணையோடு பேசுவார்கள்.

சிட்னி பக்கம் வெறுப்பு என்று ஒன்றுமில்லை, பயம்தான் இருந்தது. பணக்கார வீட்டுப் பெண், அழகு, அதற்கு மேல் படிப்பு. இவரிடம் இருந்ததோ புள்ளிவிவரம்.

மே மாதம் கிளாஸ்கோவில் கூட்டுறவு மாநாடு. இருவரும் போனார்கள். சாயங்காலம் தெருவில் நடந்தார்கள். மேலே வானம் சிவந்து தகதகக்கிறது, கீழே குடித்துவிட்டு வருகிற ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆளுக்கு ஒரு இடி இடித்துவிட்டுப் போகிறார்கள். நடுவில் இரண்டு சோஷலிஸ்டுகள் ஒப்பந்தம் பேசுகிறார்கள். சேர்ந்து வேலை செய்வோம், நட்பாக இருப்போம், அதற்கு மேல் நடக்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புதான், புரிகிறதா என்கிறார் பீட்ரிஸ். புரிகிறது என்கிறார் சிட்னி. சிட்னி புள்ளிவிவரக்காரர். நூற்றில் ஒன்று என்பது பூஜ்யம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஒரு வருடம் அவர் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே ஓட்டினார். கடிதத்தில் ஆய்வுக் குறிப்பு எழுதுவார், கடைசியில் காதல் எட்டிப் பார்க்கும். உடனே பீட்ரிஸ் கடுமையாக எழுதுவார். சிட்னி மன்னிப்புக் கேட்பார். மன்னிப்புக் கடிதத்தின் கடைசியிலும் அது எட்டிப் பார்க்கும். ஒரு கட்டத்தில் பீட்ரிஸ் கதவைச் சாத்தியே விட்டார். பிறகு புத்தக வேலைக்கு ஆள் இல்லாமல் தவித்தார். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சேம்பர்லேன் இல்லாமல் அவருக்கு இருக்க முடிந்தது, சிட்னி இல்லாமல் அடிக்குறிப்பு எழுத முடியவில்லை.

1891-இல் லிங்கன் நகரத்தில் அடுத்த கூட்டுறவு மாநாடு. அங்கே பீட்ரிஸ் சரி என்றார். இவர்களுக்கு வேளை கூடிவருவதெல்லாம் கூட்டுறவு மாநாட்டில்தான். அப்பா படுத்த படுக்கை, அவர் இருக்கும் வரை யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்பது நிபந்தனை. புது மாப்பிள்ளை சந்தோஷத்தில் தன் முழு உருவப் படத்தை அனுப்பிவைத்தார். பதில் வந்தது: முழுசாக வேண்டாம், மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது, தலை மட்டும் உள்ள படம் அனுப்பு, நான் கட்டிக்கொள்ளப்போவது அதை மட்டும்தான். காதல் கடித வரலாற்றில் இதைவிட நேர்மையான வரி எனக்குத் தெரிந்து இல்லை. சிட்னி கோபித்துக்கொள்ளவில்லை.

அப்பா 1892 புத்தாண்டு தினத்தில் காலமானார். விஷயம் வெளியே வந்தது. குடும்பத்துக்கு அதிர்ச்சி. சிறு வயதிலிருந்து பீட்ரிஸுக்குக் குருவாக இருந்தவர் தத்துவ மேதை ஹெர்பர்ட் ஸ்பென்சர். அரசாங்கம் எதிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஆயுள் முழுக்க எழுதியவர். தன் எழுத்துகளுக்கெல்லாம் பொறுப்பாளராக பீட்ரிஸை நியமித்திருந்தார். மாப்பிள்ளை சோஷலிஸ்ட் என்று கேட்டதும் அந்தப் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டார். உறவு மட்டும் கெடவில்லை, மனிதர் கிழடாகிவிட்டார், சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் ஆள் வேண்டுமே.

ஜூலை 23, பதிவுத் திருமணம். தேனிலவு டப்ளினிலும் கிளாஸ்கோவிலும். கடற்கரையில் உட்காரவில்லை. தொழிற்சங்க அலுவலகங்களில் தூசி படிந்த கூட்டக் குறிப்பேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நகல் எடுத்தார்கள். ஒரு தாளில் ஒரே ஒரு தகவல்தான் எழுத வேண்டும், தேதியும் இடமும் போட வேண்டும், அப்போதுதான் பின்னால் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து அடுக்க முடியும் என்பது பீட்ரிஸின் சட்டம். பிற்பாடு அந்த முறைக்கே தனியாக ஒரு பின்னிணைப்பு எழுதினார். தேனிலவுக்கு இப்படிப் பலன் கண்ட தம்பதி வேறு உண்டா?

பாவம், இவர்களால் இன்னொரு ஜோடிக்கும் கேடு. 1898 ஜூலையில் சைபீரியாவில் ஷுஷென்ஸ்கோயே கிராமத்தில், நாடு கடத்தப்பட்ட ஒருவர் கல்யாணம் செய்துகொண்டார். கையில் காசில்லை, மொழிபெயர்ப்பு வேலை வந்தது. வந்த புத்தகம் வெப் தம்பதியின் 'தொழில்துறை ஜனநாயகம்'. புதுமணத் தம்பதி லெனினும் குரூப்ஸ்கயாவும் காலை வேளைகளில் உட்கார்ந்து அதை ரஷ்ய மொழியில் பெயர்த்தார்கள். அப்புறம் புரட்சி வராமல் என்ன செய்யும்?

வெப் வீட்டில் பீட்ரிஸின் வருடம் 1,000 பவுண்டு சொத்து வருமானத்தில் குடும்பம் நடந்தது, சிட்னி வேலையை விட்டுவிட்டுப் பொதுக்காரியம் பார்த்தார். 1894-இல் டெர்பிக்காரர் ஒருவர் சோஷலிசத்துக்கென்று சொத்தை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போக, அந்தப் பணத்தில் கல்லூரி தொடங்கலாம் என்று காலைச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவு செய்தார்கள். மறுவருடம் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் திறந்தது. அவர்கள் வீட்டு விருந்தில் சாப்பாடு சுமார், பேச்சு ஏராளம். போய்ச் சாப்பிட்ட எச்.ஜி. வெல்ஸ் 1911-இல் ஒரு நாவலில் இருவரையும் வேறு பெயரில் வைத்துக் கிழி கிழி என்று கிழித்தார். பீட்ரிஸ் படித்தார், சாமர்த்தியமாகத்தான் எழுதியிருக்கிறான் என்று விட்டுவிட்டார். அடுத்தவரை டைரியில் தலைப்பிரட்டை என்று எழுதியவருக்கு அந்தப் பெருந்தன்மை இருக்கத்தானே வேண்டும்.

1929-இல் ஒரு வேடிக்கை. தொழிற்கட்சி ஆட்சியில் சிட்னி பாஸ்ஃபீல்ட் பிரபுவாகி, தான் குமாஸ்தாவாக இருந்த அதே காலனி இலாகாவுக்கு அமைச்சராகப் போனார். பீட்ரிஸ் பிரபுவின் மனைவி என்ற பட்டத்தைத் தொடவே மாட்டேன் என்று மிஸஸ் வெப்பாகவே இருந்துவிட்டார். 1931-இல் இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்த டொனமூர் சீர்திருத்தத்துக்கு லண்டனிலிருந்து பச்சைக்கொடி காட்டிய அமைச்சர் நம் சிட்னிதான். பீட்ரிஸோ 1889-இல் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்ற மனுவில் கையெழுத்துப் போட்டவர். 1906-இல்தான் அதை வாபஸ் வாங்கினார். இந்தியாவுக்கும் ஒரு சொந்தம் உண்டு: 1942-இல் தூது வந்த ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், பீட்ரிஸின் அக்கா மகன்.

புத்தி எப்போதும் கைகொடுத்தது என்றும் சொல்ல முடியாது. 1935-இல் சோவியத் ரஷ்யாவைப் பற்றி இரண்டு தடித்த தொகுதி எழுதி, 'ஒரு புதிய நாகரிகமா?' என்று தலைப்பில் கேள்விக்குறி வைத்தார்கள். இரண்டாம் பதிப்பில், ஸ்டாலின் தன் தோழர்களைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அந்தக் கேள்விக்குறியை எடுத்தார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் பிடிக்க வேண்டும் என்பதுதான் கூட்டு. இங்கே இருவரும் கைகோத்துக்கொண்டே விழுந்தார்கள்.

பீட்ரிஸ் 1943-இல் போனார், சிட்னி 1947-இல். பெர்னார்ட் ஷா விடாமல் வாதாடி இருவர் அஸ்தியையும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைக்கச் செய்தார். பீட்ரிஸின் டைரியை லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகம் இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. கையெழுத்து கோழிக் கிறுக்கல், கவலைப்படாதீர்கள், தட்டச்சுப் பிரதியும் உண்டு. தொழிற்சங்க வரலாற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், 1890-லிருந்து தொடங்குங்கள்.