டிரையர் வைத்தியர்

வட அமெரிக்கப் புறநகர் வீடுகளில் ஒரு வகை மனிதர் உண்டு. வாரநாட்களில் அவர் கணக்கராகவோ கணினிக்காரராகவோ இருப்பார். பிறந்து வளர்ந்த ஓஹையோக்காரராகவும் இருக்கலாம், நியூ ஜெர்சி எடிசனில் வீடு வாங்கிய தமிழராகவும் இருக்கலாம். சனிக்கிழமை காலையில் "டிரையர்ல துணி காயவே இல்லை" என்று வீட்டுக்குள் ஒரு குரல் எழும்போது முகம் மலர்கிறவர் யாரோ, அவர்தான் இவர். காப்பி ஆறுவதற்குள் நிலவறைக்கு இறங்கி, இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்து, முதுகுத் தகட்டின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். ரிப்பேர்காரருக்குத் தர வேண்டிய கூலியை மிச்சம் பிடிக்கிற கஞ்சர் என்று அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர். அது வீண் அபவாதம். மல்ட்டிமீட்டர், ஸ்பேனர் செட், தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு என்று அந்தக் கூலிக்கு மேலேயே அவர் எப்போதோ செலவழித்தாயிற்று. அவருக்குப் பழுதின் மேல் பற்று என்பது என் கட்சி. வந்த பழுதை நீக்குவதில் சூரர். வராமல் பார்த்துக்கொள்வதில் அவருக்கு எள்ளளவும் ருசி கிடையாது. இவை இரண்டும் வேறு வேறு குணங்கள் என்பதற்கு டிரையரே நல்ல சாட்சி.

முதலில் அவருடைய ஞானத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடலாம். அமெரிக்க மின்சார டிரையர் 240 வோல்ட்டில், 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கரில் ஓடுவது. உருளையைச் சுற்றும் மோட்டாருக்கு அதில் பாதி, அதாவது 120 வோல்ட்டே போதும். 5,000 வாட்டுக்கு மேல் விழுங்குகிற ஹீட்டர் சுருளுக்குத்தான் முழு 240 வேண்டும். ஆகவே வருகிற இரண்டு லைனில் மோட்டாருக்கு வேண்டாத ஒன்று மட்டும் போனால், உருளை பாட்டுக்குச் சுற்றும்; துணி ஈரமாகவே இருக்கும். இந்தச் சூட்சுமம் அவருக்குத் தெரியும், விருந்துக்கு வந்தவர்களுக்கு வகுப்பெடுக்கும் அளவுக்குத் தெரியும். இருந்தும் பிரேக்கர் பெட்டியை முதலில் போய்ப் பார்க்க மாட்டார். பிரேக்கரைத் தட்டிப் போட்டதுமே டிரையர் சூடாகிவிட்டால் ஒரு முழுச் சனிக்கிழமை பாழாகிவிடுமே! பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதை மட்டும் ஒருநாளும் மறக்க மாட்டார், பாராட்ட வேண்டும்) கதவு ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், ஹீட்டர் சுருள் என்று ஒவ்வொன்றாக மல்ட்டிமீட்டரின் முள்ளால் குத்திக் கேட்பார். டார்ச் பிடிக்கும் பதவி மனைவிக்கு. "அங்க இல்ல, இங்க காட்டு." "இங்கதானே காட்டறேன்." "உன் நிழலே விழுது, தள்ளி நில்லு." பெல்ட்டை மோட்டார் கப்பியிலும் இழுவைக் கப்பியிலும் கோத்து மாட்டும் கட்டத்தில் மனிதனுக்கு மூன்று கை வேண்டும், நான்காவதாகப் பையனின் கையும் வந்து சேரும். எல்லாம் பூட்டி முடித்த பிறகு தரையில் ஒரு திருகு மிஞ்சிக் கிடக்கும். "அது கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டது" என்பார்.

பெரும்பாலும் கடைசியில் அகப்படுகிற குற்றவாளி தெர்மல் ஃபியூஸ். விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சின்னத் துண்டு காற்று வெளியேறும் பாதையில் உட்கார்ந்திருக்கும். பல மாடல்களில் சூடு 90 டிகிரி செல்சியஸையொட்டி ஏறினால் அதற்குள் இணைப்பு அறுந்துவிடும், மறுபடி ஒட்டாது. அறுந்தால் சில டிரையர்களில் சூடு நின்றுபோகும், சிலவற்றில் மோட்டாரே கிளம்பாது. மல்ட்டிமீட்டர் 'பீப்' என்று கத்தவில்லையா, தீர்ந்தது விசாரணை. புதியதை வரவழைத்து மாட்டி, குடும்பம் முழுவதையும் கூப்பிட்டு, உருளைக்குள் கையை விட்டுச் சூடு பார்க்கச் சொல்வார். அவருடைய வழக்கு அங்கே முடிகிறது. என் வழக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது. ஃபியூஸ் அபூர்வமாக வயதாகியும் போகும். பெரும்பாலும் அது போவது, சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குவதால்தான். வழி எங்கே அடைபட்டது? டிரையரின் முதுகிலிருந்து வெளிச்சுவர் வரை போகும் நாலங்குலக் குழாயில், துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அப்பிக் கிடக்கிறது. அந்தக் குழாயை அவரே தம் கையால் கழற்றினார், சுவரோரம் சாய்த்து வைத்தார், வேலை முடிந்ததும் அதே பஞ்சோடு திருப்பி மாட்டினார். மூக்கடைத்து மூச்சுத் திணறுகிற நோயாளிக்கு நுரையீரலை மாற்றிவிட்டு, மூக்கைச் சிந்தச் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்புகிற வைத்தியம் இது. சில மாதங்களில் புது ஃபியூஸும் போகும். இந்தத் தடவை இரண்டாக வாங்கி ஒன்றை மேசை டிராயரில் போட்டுவைப்பார். முன்னெச்சரிக்கையாம்!

இது வெறும் ஃபியூஸ் செலவோடு நிற்பதில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தீ விபத்துகளை ஆராய்ந்து சொன்ன மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீ விபத்துகள். 5 பேர் சாவு, 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் சேதம். காரணங்களில் முதலிடம் பிடித்தது சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். இதைச் சொன்னால் வைத்தியர் சும்மா இருக்க மாட்டார். "ஒவ்வொரு லோடுக்கும் லின்ட் ஃபில்டரை எடுத்துச் சுத்தம் செய்கிறோமே" என்பார். செய்கிறார்கள்தான், ஆனால் அதைச் செய்வது பெரும்பாலும் அவர் அல்ல, டார்ச் பிடித்தவர். அது கிடக்கட்டும். ஃபில்டர் எல்லாப் பஞ்சையும் பிடித்துவிடுவதில்லை. தப்பியது குழாய்க்குள் போய்க் குடியேறுகிறது. வாசனைக்காகத் துணியோடு போடுகிற தாள்களின் மெழுகுப் பூச்சு ஃபில்டர் வலையிலும் படியும். தண்ணீர்க் குழாயடியில் வலையைப் பிடிக்கும்போது தண்ணீர் அதில் நிற்கிறதென்றால் காற்றும் அதற்குள் சுலபமாகப் போகவில்லை என்று அர்த்தம். சோப்புப் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். உருளைக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள் துணியின் ஈரத்தைத் தொட்டு அறிபவை. அவற்றின் மேலும் அதே பூச்சு ஏறினால், ஈரத்துணி பட்டும் பட்டைக்கு உறைக்காது. காய்ந்துவிட்டது என்று இயந்திரம் பாதியிலேயே நின்றுவிடும். கொஞ்சம் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் தீருகிற காரியம். வைத்தியர் கன்ட்ரோல் போர்டையே மாற்றுவார்.

அவருடைய இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் நியாயமானது. தப்பு வீடு கட்டியவன் மேல் என்பார். துவைக்கும் அறையை மாடியின் நடுவில் வைத்துவிட்டுக் குழாயை வீடு சுற்றிக் கொண்டுபோனால் யார்தான் என்ன செய்ய முடியும்? உண்மைதான். பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதி குழாய்க்குப் பொதுவாக 35 அடிக்கு மேல் இடம் தருவதில்லை. சாதாரணமான செங்கோண வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடி கழித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் நீளக் குழாய் வாய்த்தவருக்கு அடிக்கடி சுத்தம் செய்யும் கடமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. போதாக்குறைக்கு, மடிப்பு மடிப்பாக நீளும் வெள்ளிக் காகிதக் குழாயை வாங்கி மாட்டி, இணைப்பில் நாலு திருகும் முடுக்கியவர் இவர்தான். பஞ்சு தொற்றிக்கொள்ள அந்த மடிப்புகளும் உள்ளே நீட்டிய திருகு முனைகளும் போதும்.

இதெல்லாம் தெரிந்தவர் ஏன் செய்வதில்லை? சோம்பேறி என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை முழுவதும் முட்டி தேயத் தரையில் கிடக்கிறவர். பழுது நீங்கினால் ஊரைக் கூட்டிக் காட்ட ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. குழாயைத் துடைத்தால் நடப்பதெல்லாம் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். "இன்றைக்கு நம் வீட்டு ஃபியூஸ் போகவில்லை" என்று யாரும் யாருக்கும் போன் செய்து சொன்னதில்லை.

கொடி கட்டி வெயிலில் உலர்த்தினால் என்ன என்று நம் ஊரிலிருந்து ஒரு குரல் கேட்கும். வடக்கு டகோட்டாவில் ஜனவரியில் கொடியில் போட்ட சட்டை விறைத்துப் பலகையாகிவிடும். அந்த மாநிலத்து ஜே. ராஸ் மூர் இந்தத் தொல்லை தாங்காமல்தான் துணி உலர்த்தும் உருளையை உருவாக்கினார். அவருடைய வடிவமைப்பை ஹாமில்டன் கம்பெனி 1938-இல் 'ஜூன் டே' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகையால் டிரையரும் இருக்கும், வைத்தியரும் இருப்பார்.

உங்கள் குடும்பத்தில் இவர் இருந்தால் அறிவுரை சொல்லிப் பயனில்லை. நீளத் தண்டுகள் இணைந்த டக்ட் பிரஷ் ஒன்று வாங்கிப் பரிசாகக் கொடுங்கள். சுத்தம் என்ற சொல்லை எடுக்க வேண்டாம். டிரில்லில் மாட்டிச் சுழற்றலாம் என்று மட்டும் சொல்லுங்கள், காப்பியைக்கூட மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். தண்டுகள் இறுகும் திசையில் மட்டுமே சுழற்ற வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மரை கழன்று பிரஷ் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் அவர் சுவரை உடைக்கக் கிளம்புவார்.