சீவியது போக மிச்சம்

கிட்டார் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது தட்டையான முகமும் நடுவில் வட்ட ஓட்டையும் கொண்ட வாத்தியம். ஆர்ச்டாப் வேறு ரகம். வயலினைப் போல முன்னும் பின்னும் மேடு கட்டியிருக்கும். வட்ட ஓட்டைக்குப் பதில் இரு பக்கமும் 'எஃப்' வடிவத் துளைகள். மலிவு ரகத்தில் ஒட்டுப்பலகையை அழுத்தி அந்த மேட்டைக் கொண்டுவந்துவிடுவார்கள். அசல் ரகத்தில் தடித்த மரத்தைச் செதுக்கித்தான் ஆக வேண்டும்.

நான் குடியிருக்கும் மிச்சிகனில் இது உள்ளூர்ச் சரக்கு. இங்கே கலமசூ என்ற ஊரில்தான் ஆர்வில் கிப்சன் 1890களில் மேடு செதுக்கிய கிட்டார்களைச் செய்தார். அவர் பெயரில் எழுந்த கம்பெனி 1922இல் எல்-5 என்ற மாடலை இறக்கியது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் நடனக் குழுவில் கிட்டாரும் காதில் விழ வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு. 1936இல் அதே கம்பெனி மின்சார கிட்டாரையும் விற்க ஆரம்பித்தது. குமிழைத் திருகினால் சத்தம். ஆக, எந்தப் பிரச்சினைக்காகச் செதுக்கினார்களோ அது தீர்ந்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறது. இதையெல்லாம் நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் பேஸ்மென்ட்டில் உளியைக் கையில் எடுத்தேன்.

முன்பக்கத்துக்கு ஸ்ப்ரூஸ் மரம். வாங்கும்போது நடுவில் ஓர் அங்குல கனம். முடிக்கும்போது நடுவில் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர், ஓரத்தில் மூன்று. காசு முழுப் பலகைக்கு. கிட்டாருக்குப் போய்ச் சேருவது கால்வாசிகூட இல்லை. மீதியைச் சுருள் சுருளாகச் சீவிக் குப்பையில் போடுவதற்குத்தான் இந்தக் கலையில் தேர்ச்சி என்று பெயர். சீவுவதற்கு உள்ள பித்தளை இழைப்புளி கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தச்சரின் பெரிய இழைப்புளியைவிட விலை அதிகம்.

ஆறு மாத விசாவில் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "எங்க ஊர்ல வீணைக்குப் பலா மரத்தை இப்படித்தான் குடைவாங்க மாப்பிள்ளை," என்றார். நான் நிமிர்ந்தேன். "ஆனா அவங்களுக்கு அது பொழப்பு."

அடுத்த கட்டம் தட்டிப் பார்ப்பது. பலகையின் விளிம்பை இரு விரலால் பிடித்துக் காதருகே தூக்கி, விரல் முட்டியால் 'டொக்' என்று தட்ட வேண்டும். கொஞ்சம் சீவ வேண்டும். மறுபடி தட்ட வேண்டும். சரியான கனம் வந்ததும் பலகை பாடும் என்பது விஷயம் தெரிந்தவர்கள் வாக்கு. சீவிய பிறகு பாடாவிட்டால் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதை அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. மாமனார் இதையும் பார்த்தார். "தேங்காயை நானும் தட்டித்தான் வாங்குவேன். உடைச்சா அழுகல்."

டெய்லர் கிட்டார் கம்பெனியின் பாப் டெய்லர் 1995இல் பழைய சரக்குத் தட்டைப் பிரித்த பலகையில் ஒரு கிட்டார் செய்து காட்டினார். மரத்தைவிடக் கைதான் முக்கியம் என்று நிரூபிக்க. நான் ஸ்ப்ரூஸுக்குக் கொடுத்த விலை தெரிந்த என் மனைவிக்கு இந்தத் தகவல் இன்னும் தெரியாது.

பக்கவாட்டுக்கு மேப்பிள். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, நனைத்து, சூடான இரும்புக் குழாய்மேல் மெல்ல அழுத்தினால் இடுப்பு வளைந்து வரும். அவசரப்பட்டால் பட்டென்று முறியும். இந்த மெல்லிய சுவரில் முன்பலகை ஒட்டிப் பிடிக்க இடம் போதாது. அதனால் உள்விளிம்பு நெடுக, பல் பல்லாக வெட்டிய ஒரு மரப்பட்டையை ஒட்டுவார்கள். பசை காயும்வரை இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கிளாம்ப் வேண்டும். இதற்கு உலகத்துக் கிட்டார் ஆசாரிகள் எல்லோரும் கையாளும் உயர்தொழில்நுட்பக் கருவி, துணி கிளிப்.

என் மாமியார் டிரையரை நம்பாதவர். "அதுல போட்டா புடவை என்னத்துக்கு ஆகும்?" என்று ஊரிலிருந்தே கொடிக் கயிறும் கிளிப்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவ்வளவும் இப்போது மேப்பிளைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. புடவைகள் சோபாவின் முதுகில் காய்கின்றன. மாமியார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம் மட்டும், "அவருக்கு ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையா?" என்று விசாரித்திருக்கிறார்.

பின்பலகைப் பக்கத்துப் பட்டை இன்னும் ஒட்டவில்லை. டெட்ராய்ட் பக்கம் வரும் தமிழர்கள் யாராயிருந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். ஸ்பிரிங் நல்ல அழுத்தமாக இருக்கும் துணி கிளிப்பாகப் பார்த்து இரண்டு டஜன் வாங்கி வாருங்கள். மாமியார் ஊருக்குக் கிளம்புவதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.